செங்கோரோவின் தோப்புக் குடிசை

கிளிமஞ்சாரோ மலை நிற்கிற நாட்டில், பங்கானி ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குத் தெற்கே கிஷாங்கோ என்று ஓர் ஊர். தான் ஏறாத தென்னை அங்கே ஒன்றுகூட இல்லை என்று மரமேறி செங்கோரோ சொல்லிக்கொள்வார், ஊரும் மறுத்ததில்லை. மரத்தில் படிபோல வெட்டி வைத்திருக்கும் கொத்துகளில் பெருவிரலை ஊன்றி, இடுப்பில் அரிவாளோடு அவர் ஏறும்போது கீழே நின்று பார்ப்பவர்களுக்குத்தான் கழுத்து வலிக்கும். சுபிராவை அவருக்குக் கட்டிவைத்ததும் ஒரு தென்னைமரம்தான். ஹந்தேனியிலிருந்து சித்தி வீட்டுக்கு வந்திருந்த அந்தப் பெண், மரத்தடியில் நின்று அண்ணாந்து, "இந்த ஆளு எறங்குவாரா, இல்ல மேலயே குடித்தனம் பண்ணப்போறாரா?" என்று கேட்டது உச்சியில் இருந்தவர் காதில் விழுந்துவிட்டது. இறங்கியவர் முகம்கூடக் கழுவாமல் நேரே சித்தியிடம் போய்ப் பெண் கேட்டார். பிறகு இரண்டு பையன்கள் பிறந்து, வளர்ந்து, டாங்கா நகரத்துக்கு வேலைக்குப் போய், வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் மிஞ்சினார்கள். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் மரமேறுவதை நிறுத்திவிட்டார். கேட்டவர்களிடம் முட்டிவலி என்றார். கொஞ்ச நாளில், வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மட்டும் போடுகிற நீண்ட வெள்ளை அங்கியை எல்லா நாளும் போட ஆரம்பித்தார். மனிதருக்கு பக்தி முற்றிவிட்டது என்று பள்ளிவாசலில் பேசிக்கொண்டார்கள். ஆனால் முன்வரிசையில் நின்றவர் கடைசி வரிசையின் மூலைக்குப் போய்விட்டார், ஆற்றில் மற்ற ஆண்களோடு குளிப்பதை விட்டுவிட்டார். பக்தி முற்றியவன் குளிக்காமல் இருப்பானா என்று யாரும் யோசிக்கவில்லை.

காரணம் வேறு. முதலில் ஒரு காய்ச்சல் வந்தது. கூடவே அடிவயிற்றுக்குக் கீழே வலி. காய்ச்சல் போனபோது ஒரு பக்கத்து விரை எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கி நின்றது. அடுத்த காய்ச்சலில் அது மாங்காய் அளவானது. அதற்கப்புறம் அளவு சொல்லி என்ன பிரயோசனம்? தொடைகளுக்கு நடுவே ஒரு தேங்காயை வைத்துக்கொண்டு தென்னைமரத்தை அணைக்க முடியுமா?

அந்தக் கடற்கரை முழுக்க அதற்குப் பெயர் புஷா. அடுத்தவனுக்கு வந்தால் ஆண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தனக்கு வந்தால் வாயே திறக்கமாட்டார்கள். அது ஏன் வருகிறது என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும்: இளநீர் அதிகம் குடித்தால் வரும். அத்தனை தண்ணீரும் வேறெங்கே போய்ச் சேரும் என்று கேட்பார்கள். செங்கோரோ தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாகக் குடித்ததே இளநீர்தான். உச்சியில் உட்கார்ந்தபடியே ஒரு காயைச் சீவிக் குடித்துவிட்டுத்தான் குலையை வெட்டுவார். ஆகவே நம் வாயாலேயே நாம் கெட்டோம் என்று முழுசாக நம்பினார். அன்றோடு இளநீரை விட்டார். வீக்கம் அவரை விடவில்லை.

இதைப் பெண்டாட்டியிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. தோப்பில் தேங்காய்த் திருட்டு அதிகமாகிவிட்டது, காவல் இருக்கவேண்டும் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். தோப்பின் கோடியில் ஓலைக் குடிசை ஒன்று போட்டு, இருட்டினால் அங்கேயே படுக்க ஆரம்பித்தார். மழைக்காலம் வந்து போயிற்று, அடுத்ததும் வந்து போயிற்று. வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், போய்விடுவார்.

நல்ல திடகாத்திரமான ஆண்பிள்ளை, வீட்டில் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு தோப்பில் போய்ப் படுத்தால் ஊர் என்ன நினைக்கும்? எவளையோ இரண்டாம் தாரமாக ரகசியமாகக் கட்டி அங்கே வைத்திருக்கிறார் என்று பெண்கள் பேசினார்கள். அந்தப் பேச்சு செங்கோரோ காதுக்கும் வந்தது. வெட்கக்கேட்டைச் சொல்கிறேன் கேளுங்கள்: அந்த மனிதர் அதை மறுக்கவில்லை. புஷா என்று சொல்லிச் சிரிப்பதைவிட, இன்னொருத்தி இருக்கிறாள் என்று ஊர் பொறாமைப்படட்டுமே என்று விட்டுவிட்டார்.

சுபிரா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கொடியில் காயப்போட்டிருந்த அவளுடைய சிவப்பு மேல்துணி ஒருநாள் காணாமல் போனதும் பொறுமை போய்விட்டது.

"என் செவப்புத் துணிய எடுத்தது நீங்கதானே?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்.

"அவளுக்கா குடுத்தீங்க? எங்கப்பன் வீட்டுலேருந்து வந்த துணிங்க அது. அவ பேரையாவது சொல்லுங்க, யாரு எந்தூருன்னு தெரிஞ்சுக்கறேன்."

"அதெல்லாம் உனக்கெதுக்கு?" என்றார் செங்கோரோ. உலகத்தில் ஒரு புருஷன் சொல்லக்கூடிய பதில்களிலேயே மட்டமான பதில் அது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

சுபிரா ஹந்தேனிக்குச் சொல்லி அனுப்பினாள். தம்பி வந்து கூட்டிப்போவதாகப் பதில் வந்தது. அவள் பெட்டியைக் கட்டி வாசற்கதவுக்குப் பக்கத்தில், அவர் கண்ணில் படும்படி வைத்தாள். செங்கோரோ அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய்வந்தார்.

இந்த நேரத்தில்தான் ஊருக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். யானைக்காலும் புஷாவும் அந்தக் கடற்கரையில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கணக்கெடுக்க வந்தவர்கள். அவர்களுக்கு ஒரு மாதம் முன்னால் வேறு சிலர் இருட்டியபின் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் கேட்டிருந்தார்கள். பகல் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ராத்திரியில் ரத்தம் எடுப்பவன் எப்படி நல்லவனாக இருப்பான் என்று பாதி ஊர் கதவைச் சாத்திவிட்டது. செங்கோரோவின் குடிசையில் விளக்கே எரியவில்லை. இப்போது வந்தவர் டாக்டர் ஊரியோ, கிளிமஞ்சாரோ பக்கத்து மலைக்காரர். இவர் பகலில், மாமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்தார். வீக்கம் உள்ள ஆண்கள் வந்து காட்டலாம், இலவசமாக அறுவை செய்து சரிபண்ணுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார். ஊர் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டால் எவன் வருவான்? ஒருத்தரும் வரவில்லை. கோழிகள்தான் மேஜைக்கடியில் வந்து போயின.

"அப்ப உங்க ஊர்ல ஒருத்தருக்கும் இல்லைன்னு எழுதிட்டு அடுத்த ஊருக்குப் போயிடவா?" என்று டாக்டர் கபுலாவிடம் கேட்டார்.

கபுலா யார் என்று சொல்லவேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை யானைக்கால் மாத்திரை கொடுக்க ஊர் தேர்ந்தெடுத்த பெண்மணி. உயரம் அளக்கிற கோலைத் தோளில் சாத்திக்கொண்டு வீடு வீடாகப் போய், ஆளை நிறுத்தி அளந்து, அளவுக்கேற்ப மாத்திரை கொடுப்பாள். கத்தாழைத் தோட்டத்தில் கூலி வேலைக்கு என்று மேற்கேயிருந்து நடந்தே வந்த நியாம்வேசிக்காரரின் பேத்தி. செங்கோரோவோ ஜிகுவாக்காரர். இந்த இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை. எந்தக் காலத்தில் யார் யாரைச் சிறைபிடித்தார்களோ, இன்றைக்கும் ஒருவரை ஒருவர் 'என் அடிமையே' என்றுதான் கூப்பிடுவார்கள். என்ன திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது; கோபித்துக்கொண்டவனை மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள். நம் பக்கத்து மாமன் மச்சான் கேலியெல்லாம் இதற்குமுன் பால்குடி மறக்காத குழந்தை.

கபுலாவுக்கு செங்கோரோ விஷயம் தெரியும். அளவுகோலுக்கு எதிரே கால்களைச் சேர்த்து நிற்கச் சொன்னபோது மனிதர் சேர்க்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது. ஆனால் டாக்டரிடமோ சுபிராவிடமோ போய் அவள் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னால் அது கோள். முகத்துக்கு நேரே, நாலு பேர் நடுவில், கேலியாகச் சொன்னால் அது முறை. அதற்கு ஒரு சாவு வீடு வேண்டியிருந்தது: ஒரு கூட்டத்தில் சாவு விழுந்தால் மற்றக் கூட்டத்தார் வந்து செத்தவரைப்போல வேஷம் போட்டு நடித்துக்காட்டுவதும் அந்த முறையில் உண்டு.

டாக்டர் மூட்டை கட்ட இருந்த வாரத்திலேயே செங்கோரோவின் பெரியப்பா சாலிமு காலமானார். வயசானவர், நல்ல மனுஷர். எங்கே உட்கார்ந்தாலும் மடியில் ஓலைக்கூடை ஒன்றை வைத்துக்கொண்டுதான் உட்காருவார். கூடைக்குள் ஒன்றும் இருக்காது. தன்னை மகள்போல நடத்திய மாமனார் முறைக்காரர் என்பதால் சுபிரா தம்பியைச் சில நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டுத் துக்கத்துக்கு வந்தாள். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், ஆண்கள் முற்றத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஓரத்தில் பெரிய அண்டாவில் தேங்காய்ப்பால் சோறு கிண்டிக்கொண்டிருந்தார்கள். சுபிரா கையில் துடுப்பு.

அப்போது கபுலா வந்தாள். செத்தவரின் தொப்பியை மாட்டியிருந்தாள், செத்தவரின் அங்கியைப் போட்டிருந்தாள். அங்கிக்கு உள்ளே, துணியில் ஒரு முழுத் தேங்காயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கையில் அதே ஓலைக்கூடை. கால்களை அகட்டி அகட்டி, சாலிமு நடப்பது போலவே நடந்து வந்து, முக்காலியில் பக்கவாட்டில் சரிந்து உட்கார்ந்து, மடியில் கூடையை வைத்து, தொண்டையைச் செருமினாள்.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா. முட்டிவலிதான்."

அழுதுகொண்டிருந்த சாலிமுவின் மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முற்றம் முழுக்கச் சிரித்தது. அழுகையும் சிரிப்புமாகக் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். செங்கோரோ மட்டும் சிரிக்கவில்லை. பெரியப்பாவின் கூடை எதை மறைக்க என்று இந்த ஊருக்கு இத்தனை வருஷமாகத் தெரிந்திருக்கிறது. அவர் மட்டும் யாருக்கும் தெரியாது என்று நினைத்தே வாழ்ந்து செத்துப்போனார். நம்முடைய அங்கியும் அப்படித்தானோ என்று செங்கோரோவுக்கு உடம்பு குளிர்ந்தது.

"எங்கே என் அடிமை செங்கோரோ?" என்றாள் கபுலா, எழுந்து.

"போடி கத்தாழைக் கட்டை. நான் இங்கதான் இருக்கேன்." பதில் சொல்லாமல் இருக்க முடியாது, அது முறையில்லை.

"இருக்கியா? நல்லது. நீ செத்தா நான்தானே உன்னை மாதிரி நடிக்கணும்? இந்த ஒரு தேங்கா பத்தாதுடா உனக்கு. குலையாவே கட்டித் தொங்கவிடணும். என் இடுப்பு தாங்காது. அதனால நான் சாகற வரைக்கும் நீ சாகாதே, இல்லேன்னா மாமரத்தடியில மேஜைபோட்டு உட்கார்ந்திருக்கானே மலைக்காரன், அவன்கிட்ட போய் பாரத்தை எறக்கி வெச்சிட்டுச் சாவு!"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய பார்வையும் அண்டாவின் பக்கம் போயிற்று. சுபிரா துடுப்பை நிறுத்தியிருந்தாள்.

"நீ என்ன சொல்றே கபுலா?"

"அடிப் பைத்தியக்காரி, தோப்புக் குடிசையில உன் புருஷன் ஒளிச்சு வெச்சிருக்கிறது பொம்பளைன்னா நெனச்சே? அதை அவன் கூடவே தூக்கிட்டுத் திரியறான்!"

சுபிரா கையில் துடுப்போடு, சோறு சொட்டச் சொட்ட, ஆண்கள் உட்கார்ந்திருந்த பாயில் ஏறி வந்தாள். அப்படி எந்தப் பெண்ணும் அங்கே வந்ததில்லை. செங்கோரோவின் முன்னால் நின்றாள்.

"நெஜமா சொல்லுங்க. பொம்பளை இல்லையா?"

"இல்ல."

"ஒருத்திகூட?"

"ஒருத்திகூட இல்ல சுபிரா."

"புஷாதானா?"

அந்தச் சொல்லை ஊர் நடுவில், பெண்டாட்டி வாயால் கேட்டதும் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடும் என்று அவர் எதிர்பார்த்தார். பூமி சும்மாதான் இருந்தது. அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

சுபிரா பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இவ்வளவுதானா?" என்றாள். "அட கடவுளே, இவ்வளவுதானா! பாவி மனுஷா!" என்று சிரித்தாள், பிறகு முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அழுதாள், மறுபடி சிரித்தாள். செங்கோரோவுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்தது. வீக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது, இருந்தாலும் உடம்பில் பாதிப் பாரம் அந்த முற்றத்தில் இறங்கிவிட்டது. இரண்டு மழைக்காலமாக விடாத மூச்சு ஒன்றை அவர் அப்போதுதான் விட்டார்.

சோறு அடிப்பிடித்துவிட்டது. அதையும் கேலி செய்துகொண்டே சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் செங்கோரோ மாமரத்தடிக்குப் போனார். ஒளிந்து போகவில்லை, கடைத்தெரு வழியாகவே போனார். இனி எதை ஒளிப்பது? அவர் உட்கார்ந்து சிறிது நேரத்தில் படகு கட்டுகிறவர் ஒருவர் வேறு எங்கோ போகிறவர்போல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவர். மத்தியானத்துக்குள் மேஜைக்கு எதிரே பெஞ்சு போதவில்லை. டாக்டர் ஊரியோ கபுலாவைப் பார்த்து, "அடுத்த ஊர்லயும் உங்களுக்குக் கேலி முறை உண்டா?" என்று கேட்டார்.

"ஜிகுவாக்காரன் இருக்கிற எடத்துல எல்லாம் உண்டு. ஆனா ஊருக்கு ஒரு சாவு வேணுமே?" என்றாள் கபுலா. டாக்டர் அடுத்த ஆளின் பெயரை எழுதப் போனார்.

அறுவை பங்கானி ஆஸ்பத்திரியில். மேஜையில் படுக்கும்போது செங்கோரோவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"டாக்டர் ஐயா, எதை வெட்டணும், எதை வெட்டக்கூடாதுன்னு நல்லாத் தெரியுமில்ல?"

"பயப்படாதீங்க. தண்ணி கோத்திருக்கு, அதைத்தான் எடுக்கறோம். இளநீரை எடுத்துட்டு மரத்தை அப்படியே விட்டுடுவோம்."

செங்கோரோ எழுந்து உட்காரப் பார்த்தார். "அப்ப இளநீர்தானா? நான் குடிச்ச இளநீர்தானா?"

"ஐயோ, கேலிக்குச் சொன்னேங்க! இளநீர் என்ன பாவம் பண்ணுச்சு? கொசு கடிக்கும்போது பொடிப் புழு உள்ளே போகுது. வருஷக்கணக்கா உடம்புக்குள்ளேயே குடித்தனம் பண்ணி, நீர் போற பாதையைக் கெடுத்துடுது. அதோட குஞ்சுங்க ராத்திரியிலதான் ரத்தத்துக்கு வரும். அதனாலதான் ராத்திரியில வந்து விரல்ல குத்தினாங்க. மாத்திரை குடுத்தா அந்தக் குஞ்சுங்க செத்துடும், கொசு அடுத்தவங்களுக்குக் கொண்டுபோகாது. சரி, கபுலாம்மா குடுத்த மாத்திரைய என்ன பண்ணினீங்க?"

"நாக்குக்கு அடியில வெச்சிருந்து, வேலிக்கு அந்தப்பக்கம் துப்பிட்டேன். மாத்திரைதான் வீங்க வைக்குதுன்னு சொன்னாங்க."

"நல்லது. உங்க வேலியோரத்துக் கோழிக்கெல்லாம் இனிமே யானைக்கால் வராது."

இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. செங்கோரோ கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவருக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. தோப்பில் தாகத்தோடு உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த இளங்காயைத் தொடாமல் இருந்த நாட்களை நினைத்தார். ஒரு கொசுவுக்காக எத்தனை இளநீரை விட்டுவிட்டோம் என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. தாதிப் பெண் வலிக்கிறதா என்று கேட்டாள். "வலியில்லம்மா, வயித்தெரிச்சல்" என்றார்.

தையல் ஆறும் வரைக்கும் வீட்டில்தான் இருந்தார். வாசற்கதவுக்குப் பக்கத்தில் பெட்டி இல்லை; அதைப்பற்றி இருவரும் பேசவில்லை. கூட்டிப்போக வந்த தம்பி, அக்கா செய்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, விஷயம் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுத் திரும்பிப் போனான். கபுலா அளவுகோலோடு வந்தாள். செங்கோரோ கால்களைச் சேர்த்து நின்று காட்டினார். மாத்திரையை விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கியும் காட்டினார்.

நன்றாக நடக்கத் தொடங்கியதும், தோப்புக் குடிசையில் கிடக்கிற சாமான்களை எடுத்துவருகிறேன் என்று கிளம்பினார்.

"நீங்க இருங்க. நான் போறேன்," என்றாள் சுபிரா.

அந்தக் குடிசைப் பக்கம் அவள் ஒருநாளும் போனதில்லை. விறகுக்குப் போனால்கூடத் தோப்பைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். அங்கே யார் நிற்பாளோ, எந்த நிறத்தில் இருப்பாளோ, தன்னைவிட எவ்வளவு சின்னவளோ என்று நினைத்து நினைத்து எத்தனையோ நாள் சாப்பாடு இறங்காமல் போயிருக்கிறது. இப்போது தெரிந்த பிறகும் கதவுப் படலைத் தள்ளுவதற்குமுன் ஓலை இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். பின்னாலேயே மெதுவாக வந்த செங்கோரோ வெளியே நின்றார்.

உள்ளே ஒரு பாய். ஒரு சட்டி. ஒரே ஒரு தகரக் குவளை. பாயின் தலைமாட்டில் தேங்காய் நாரைத் திணித்துக் கட்டிய ஒரு தலையணை. அதற்கு உறையாகச் சுற்றியிருந்தது அவளுடைய சிவப்புத் துணி.

சுபிரா அதை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலை வைக்கிற இடத்தில் சாயம் போய், நூல் தெரிந்தது.

"இது எதுக்கு?" என்று கேட்டாள், திரும்பிப் பார்க்காமல்.

செங்கோரோ படலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வேற துணியில படுத்தா தூக்கம் வரல."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பாயைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள். சட்டியையும் குவளையையும் அவர் கையிலேயே கொடுத்தாள். தலையணையை மட்டும் தான் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில், கிணற்றடியில் கபுலா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். இவர்கள் வருவதைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டுக் கத்தினாள்.

"என்னடி சுபிரா, தோப்பு வீட்டுக்காரியப் பிடிச்சியா?"

"பிடிச்சேன்," என்றாள் சுபிரா. இடுப்பில் இருந்ததை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். "பாவம், செவப்புத் துணி கட்டிக்கிட்டுத் தனியாக் கெடந்தா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."